பிடிலுக்குள் ஒரு சீட்டு

வீட்டில் பழைய பிடில் வைத்திருக்கும் நண்பர்கள் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, குதிரைக்கு இடது பக்கம் இருக்கும் துளை வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள். அடிப்பலகையில் பழுப்பேறிய காகிதச் சீட்டு ஒன்று ஒட்டியிருக்கலாம். அதில் லத்தீன் மொழியில், 'அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் கிரெமோனென்சிஸ் ஃபாசியேபாத் அன்னோ' என்று அச்சாகி, பக்கத்தில் 17 என்று தொடங்கும் ஒரு வருஷமும் இருந்தால், உங்களுக்கு நெஞ்சு படபடக்கும். 'கிரெமோனா ஊர் அன்டோனியோ ஸ்ட்ராடிவேரி இந்த ஆண்டில் செய்தது' என்று அர்த்தம். உலகத்திலேயே விலை உயர்ந்த பிடில்களைச் செய்த மகானுபாவரின் பெயர் அது.

படபடப்பைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். இந்தக் கட்டுரை அந்தச் சீட்டைப் பற்றியதுதான்.

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, பௌதிகம் படித்துவிட்டுப் பாங்க்கில் காலம் தள்ளியவன் சங்கீதத்தைப் பற்றி எழுதினால் நம் கல்லூரி சங்கீத சபா நண்பர்கள் சிரிக்க மாட்டார்களா என்று தயங்கினேன். ஆனால் ராகமும் தாளமும் இங்கே வரப்போவதில்லை. ஒரு மரச் சாமானின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற துப்பு துலக்கும் விவகாரம் இது. அதற்குப் பௌதிகக்காரன் போதும்.

எங்கள் குடும்ப வழக்கு

எங்கள் வீட்டில் ஒரு பிடில் உண்டு. 'தாத்தா பிடில்' என்றுதான் பெயர். தாத்தா பஜனை மடத்தில் வாசித்தது. சரபோஜி மகாராஜா அரண்மனையிலிருந்து எங்கள் முன்னோர் ஒருவருக்குச் சன்மானமாக வந்தது என்று குடும்பத்தில் ஒரு கதை. உள்ளே சீட்டு, அதில் வருஷம் 1721.

1968ல் பாகப்பிரிவினை நடந்தபோது பிடில் அப்பாவின் பங்கில் வந்தது. பெரியப்பாவுக்கு ஒரு வெள்ளிக் கூஜா. அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. 2011ல்தான் வினை வந்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் 'லேடி பிளண்ட்' என்ற ஸ்ட்ராடிவேரி பிடில், ஜப்பான் பூகம்ப நிவாரணத்துக்காக ஏலம் விடப்பட்டு, ஒரு கோடியே 59 லட்சம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 70 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பிடில் செய்யப்பட்ட வருஷம் என்ன தெரியுமோ? 1721!

பத்திரிகையில் படித்த பெரியப்பா பிள்ளை, அதாவது எங்கள் அண்ணா, மறுநாள் காலையில் போன் செய்தார். "டேய், உள்ளே என்ன வருஷம் போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லு" என்றார். சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு வருஷம் எங்கள் இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. 70 கோடியைக் கூஜாவைக் காட்டி ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த வீட்டில் பேச்சு. வக்கீல் நோட்டீஸ் வரும் என்றுகூடச் சொன்னார்கள்.

ஆகவே அந்தப் பிடிலின் வயதைக் கண்டுபிடிப்பது எனக்குப் பொழுதுபோக்கு அல்ல. குடும்பம் ஒட்டுவதும் உடைவதும் அதில் இருந்தது.

கிரெமோனாவும் அந்த ஒரு மனிதரும்

இன்று நாம் பார்க்கும் உருவத்தில் பிடில் பிறந்தது வட இத்தாலியில், 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில். கிரெமோனா என்ற ஊரில் ஆந்திரேயா அமாதி என்பவர் அதற்கு வடிவம் கொடுத்த முன்னோடிகளில் தலையானவர். பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் சார்லசுக்காக அவர் செய்த வாத்தியங்களில் சில இன்றும் மியூசியங்களில் இருக்கின்றன. அதே ஊரில் சுமார் 1644ல் பிறந்து, 1737ல் காலமாகும் வரையில் உளியைக் கீழே வைக்காதவர் அன்டோனியோ ஸ்ட்ராடிவேரி. தொண்ணூறு வயதைத் தாண்டியும் வேலை பார்த்தார். ஆயிரத்துக்கும் மேல் செய்திருப்பார் என்பது கணிப்பு. அவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை சுமார் 650. பெரும்பாலானவற்றுக்குத் தனித்தனியே பெயர் உண்டு, யார் யார் கையில் இருந்தது என்ற வம்சாவளி உண்டு. நம் ஊர்க் கோயில் விக்ரகங்களுக்கு ஸ்தல புராணம் இருப்பது மாதிரி.

எல்லா வகை வாத்தியங்களும் சேர்ந்தே 650 இருக்க வேண்டிய உலகத்தில், அந்தச் சீட்டு ஒட்டிய பிடில்கள் மட்டும் லட்சக்கணக்கில் இருக்கின்றன. எங்கிருந்து வந்தன?

பிடில் விளைந்த கிராமங்கள்

ஜெர்மனியில் சாக்சனி மாகாணத்தில் மார்க்நாய்கிர்ஹென் என்று ஒரு சிற்றூர். பொஹீமியாவில் மத நெருக்கடி தாங்காமல் ஓடிவந்த புராட்டஸ்டண்ட் கைவினைஞர்களில் 12 பேர் சேர்ந்து 1677ல் அங்கே பிடில் செய்வோர் சங்கம் அமைத்தார்கள். இருநூறு வருஷத்தில் அந்த வட்டாரம் முழுக்க பிடில் தொழிலாகிவிட்டது.

தொழில் நடந்த விதத்தைச் சொன்னால் நமக்கு உடனே புரியும். காஞ்சிபுரத்தில் நூல் முறுக்குவது ஒரு வீடு, சாயம் போடுவது ஒரு வீடு, நெய்வது ஒரு வீடு, கொள்முதல் செய்வது முதலாளி அல்லவா? அதே கதைதான். சுருள் தலை மட்டும் செதுக்குகிற குடும்பம், மேல்பலகை மட்டும் இழைக்கிற குடும்பம், வார்னிஷ் பூசுகிற குடும்பம், வில் மட்டும் செய்கிற குடும்பம். எல்லையைத் தாண்டி பொஹீமியாவில் ஷோன்பாக் என்ற ஊரிலிருந்தும் உறுப்புகள் வரும். வியாபாரி அனைத்தையும் வாங்கிச் சேர்த்து, பெட்டியில் அடுக்கிக் கப்பல் ஏற்றுவான். வியாபாரம் எவ்வளவு பெரிதென்றால், அந்தச் சின்ன ஊரில் அமெரிக்க அரசாங்கம் 1893ல் தன் தூதரக அலுவலகம் ஒன்றையே திறந்தது. பிரான்சில் மிர்கூர் என்ற ஊரிலும், பவேரியாவில் மிட்டன்வால்ட் என்ற ஊரிலும் இதே மாதிரி நடந்தது. அமெரிக்காவில் தபால் கேட்லாக் பார்த்து, சில டாலர் கொடுத்தால் 'ஸ்ட்ராடிவேரியஸ்' வீட்டுக்கே வரும்.

அப்படியானால் மோசடியா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும். அந்தச் சீட்டு மாடலின் பெயர். ஸ்ட்ராடிவேரி மாடல், குவார்னேரி மாடல், அமாதி மாடல், ஸ்டைனர் மாடல் என்று நாலைந்து சீட்டுகளை அச்சடித்து வைத்திருப்பார்கள். மிட்டாய்க் கடையில் 'திருநெல்வேலி அல்வா' என்று போர்டு இருந்தால், திருநெல்வேலியில் கிண்டியது என்றா நினைக்கிறோம்? வாங்கியவர் இருந்தவரை விஷயம் தெரிந்திருந்தது. பேரன் காலத்தில் சீட்டு மட்டும் மிஞ்சியது. அங்கேதான் கோளாறு ஆரம்பம்.

கடல் தாண்டி நம் பக்கம்

இந்தப் பிடில்கள் நம் ஊருக்கு ஏன் வந்தன என்பது இன்னொரு சரித்திரம்.

முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (பிறப்பு 1786). சென்னைக்குப் பக்கத்தில் மணலியில், ஜமீன்தார் முத்துகிருஷ்ண முதலியார் ஆதரவில் அந்தக் குடும்பம் இருந்தது. ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் பேண்டு வாசிப்பார்கள். அதைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் பிற்காலத்தில் நொட்டுஸ்வரப் பாட்டுகள் இயற்றினார். தம்பியோ ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் கற்றுக்கொண்டு, அதில் நம் சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கினார். பிறகு எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் பிடிலில் பெயர் பெற்றவர். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834ல் அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

அதுவரை பாட்டுக்குப் பக்கவாத்தியமாக இருந்தது வீணை. மனிதக் குரலோடு இழைந்து வருவதில் பிடிலுக்குச் சௌகரியம் அதிகம்; வில் ஓடும் வரை நாதம் நிற்கும். நின்றுகொண்டு தாடையில் இடுக்கி வாசிக்கும் வாத்தியத்தை நம்மவர்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து, தலைப்பகுதியை வலது கால் மேல் சாய்த்து, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சேர்த்து, கமகத்துக்கு ஏற்றபடி விரலை வழுக்கவிட்டு வாசித்தார்கள். வாத்தியத்தில் ஒரு ஆணியைக்கூட மாற்றவில்லை. வாசிப்பவர் உட்காரும் விதத்தை மட்டும் மாற்றினார்கள்! திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர் (1857–1913), மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை (1879–1931) போன்றவர்கள் காலத்தில் பிடில் இல்லாத கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது.

கச்சேரி பெருகினால் பிடில் வேண்டாமா? பஜனை மடத்துக்கும் வேண்டும், நாடகக் கொட்டகைக்கும் வேண்டும், பாட்டு வாத்தியாரிடம் கற்கும் பிள்ளைகளுக்கும் வேண்டும். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்திறங்கியது மேலே சொன்ன கிராமங்களின் சரக்கு. சென்னை மவுண்ட் ரோட்டில் 1842ல் மிஸ்க்வித் கம்பெனியாகத் தொடங்கி, பின்னாளில் மியூசி மியூசிகல் ஆன கடை போன்ற வியாபார ஸ்தலங்கள் அன்றைக்கே இருந்தன. ஆக, நம் தாத்தாக்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் அந்த ஏழைக் கைவினைஞர்களின் பிடில்களே. அதில்தான் நம் சங்கீதம் வளர்ந்தது.

வயதைக் காட்டும் சாட்சிகள்

சரி, சீட்டை நம்பக்கூடாது என்றால் எதை நம்புவது? நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட சாட்சிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் சாட்சி, ஊர்ப்பெயர். சீட்டின் கீழ்க்கோடியிலோ, வில்லிலோ, பின்பக்கத்திலோ 'ஜெர்மனி' என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்து இருக்கிறதா பாருங்கள். பிரிட்டன் 1887லும், இந்தியா 1889லும் வணிகக் குறிச் சட்டங்கள் கொண்டுவந்தன. அமெரிக்கா 1890ல் இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிச் சாமானில் நாட்டின் பெயர் இருந்தே தீரவேண்டும் என்றது. எனவே ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் இருந்தால், பொதுவாக அது 1890க்குப் பிறகு வந்த சாமான். 'செக்கோஸ்லோவாகியா' என்றிருந்தால் 1918க்குப் பிறகுதான். அந்த நாடே அந்த வருஷம்தான் பிறந்தது. 'நகோயா, சுசுகி' என்றிருந்தால் ஜப்பான் சரக்கு. சுசுகி மசாகிச்சி அங்கே 1887ல் பிடில் செய்யத் தொடங்கியவர்.

இரண்டாவது, யுத்தம். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். ஜெர்மானியருடன் வியாபாரம் அந்த ஆகஸ்டிலேயே நின்றுபோயிற்று. அந்த இடைவெளியில் உலகச் சந்தையைப் பிடித்தது ஜப்பான் பிடில்.

மூன்றாவது, உள்வேலை. மேல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு சட்டம் இருக்கும். நல்ல பிடிலில் அதைத் தனியாகச் செய்து ஒட்டுவார்கள். மலிவுப் பிடிலில் பலகையைக் குடையும்போதே அந்த இடத்தை மேடாக விட்டுவிடுவார்கள். மூலைகளில் தாங்குகட்டைகளும் வைத்திருக்க மாட்டார்கள். ஓரத்தில் ஓடும் கறுப்புக் கோடு, உண்மையில் இழைத்துப் பதித்த மரமா அல்லது மசியால் போட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, கழுத்து. 1800ஐ ஒட்டிய காலத்தில் கழுத்தை நீட்டிச் சாய்க்கும் வழக்கம் வந்தது. அதற்கு முந்திய பிடில்களில் பழைய தலையை வைத்துக்கொண்டு புதுக் கழுத்தை ஒட்டியிருப்பார்கள், ஒட்டு தெரியும். ஒட்டே இல்லாமல் ஒரே மரத்தில் தலையும் கழுத்தும் இருந்தால், 1721 என்பதை நம்பக் கஷ்டம். ஒட்டு மாதிரி கோடு கீறி ஏமாற்றியதும் உண்டு என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் கூடாது.

ஐந்தாவது சாட்சிதான் விஞ்ஞான சாட்சி. மேல்பலகை ஸ்புரூஸ் மரம். குளிர்நாட்டு மரமாதலால் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். நல்ல வருஷத்தில் அகலமாக, கெட்ட வருஷத்தில் ஒடுக்கமாக. அந்த வரிசையை ஆல்ப்ஸ் மலை மரங்களின் வரிசையோடு ஒப்பிட்டால், கடைசி வளையம் எந்த வருஷத்தது என்று சொல்லிவிடலாம். பிடில் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூசியத்தில் 'மெசையா' என்ற ஸ்ட்ராடிவேரி இருக்கிறது, சீட்டில் 1716. அது போலி என்று பெரிய சர்ச்சை கிளம்பியது. வளையத்தை எண்ணிப் பார்த்தார்கள். கடைசி வளையம் 1680களில். அதாவது சீட்டுக்கு விரோதமில்லை. இன்னொரு வழக்கு நேர் எதிர். கூசெவிட்ஸ்கி என்ற மேதை வாசித்த டபுள் பாஸ் ஒன்று, அமாதி சகோதரர்கள் 1611ல் செய்தது என்று நம்பப்பட்டு வந்தது. மேல்பலகையில் கடைசி வளையம் 1761! மரம் பொய் சொல்லாது.

ஆறாவது, நம் ஊர்ச் சாட்சி. வெள்ளைக்காரர் வாசித்த பிடிலில் தாடை படும் இடத்தில் வார்னிஷ் போயிருக்கும். நம்மவர் வாசித்ததில் சுருள் தலை காலில் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கும். விரல்பலகையில் நீளவாக்கில் கமகம் வழுக்கிய தடம் இருக்கும். சந்தனம், விபூதி, குங்குமம் இடுக்கில் படிந்திருக்கும்.

திறந்து பார்த்தோம்

2013ல் சென்னையில் பிடில் ரிப்பேர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாவுக்கும் கடிதம் போட்டேன். 'என்னை நம்ப வேண்டாம், நேரில் வந்து பாருங்கள்' என்று. வந்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் வந்தார்.

பெரியவர் கத்தியை மெதுவாக நுழைத்து மேல்பலகையைக் கழற்றினார். பழைய வஜ்ஜிரப் பசையானதால் சேதமில்லாமல் விட்டுக்கொடுத்தது. உள்சட்டம் பலகையோடு பலகையாக இருந்தது. மூலைக் கட்டைகள் இல்லை. தலையும் கழுத்தும் ஒரே மரம். சீட்டை ஈரத்துணியால் ஒற்றியதும், தூசி மூடியிருந்த கீழ்வரி தெரிந்தது: ஜெர்மனி.

"சார், இது சாக்சனிப் பக்கத்துச் சரக்கு. 1890க்கு அப்புறம், முதல் யுத்தத்துக்கு முன்னாடி. வேலை சுமார், ஆனா மரம் நல்ல மரம். இப்படி நூறு பாத்திருக்கேன்" என்றார்.

சரபோஜி கதையும் அதோடு போயிற்று. மகாராஜா காலமானது 1832ல். ஜெர்மனி என்று ஒரே சாம்ராஜ்யம் ஏற்பட்டதே 1871ல்தான். அண்ணா நீண்ட மூச்சு விட்டார். அது ஏமாற்றமா நிம்மதியா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. மேல்பலகையின் உட்புறத்தில் பென்சிலால் தமிழில் ஒரு வரி. 'வெகுதான்ய வருஷம் ஆனி, பாப்பாவுக்காகச் சீர் செய்தது.' நம் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. வெகுதான்ய 1878லும் வரும், 1938லும் வரும். கீழே 'ஜெர்மனி' இருப்பதால் 1878 அடிபட்டுப் போகிறது. மிச்சம் 1938. அந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் 'பாப்பா' என்று கூப்பிடப்பட்டது ஒரே ஒருத்திதான். அத்தை. அப்போது பத்து வயது.

பெரியவர் பிடிலைத் திருப்பி, கழுத்தை ஒட்டிய ஓரத்தைக் காட்டினார். அரிசி மணி நீளத்தில் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள். "இது வளையல் கீறல் சார். பொம்பளைப் பிள்ளை ரொம்ப வருஷம் வாசிச்சிருக்கு" என்றார்.

அத்தை பிடில் வாசித்ததாக வீட்டில் யாரும் எங்களிடம் சொன்னதே இல்லை. 15 வயதில் கல்யாணம். பிறகு அவர் பிடிலைத் தொட்டதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. 1968 பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அத்தை பெயரே கிடையாது. பெண்களுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரும் திருத்தம் தமிழ்நாட்டில் வந்தது 1989ல். அத்தை 1999ல் போய்விட்டார். இரண்டு ஆண்பிள்ளை வீடுகள் 70 கோடிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிடிலை அதிகம் வாசித்தவர் அவர்தான் என்பதை அந்தக் கீறல்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அண்ணாதான் முதலில் பேசினார். "இது நம்ம ரெண்டு பேருதும் இல்லடா." அத்தை மகள் வீட்டுக்கு இருவருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அங்கே அத்தையின் பேத்தி வாசித்துக்கொண்டிருக்கிறாள். 'தாத்தா பிடில்' என்ற பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை, 'பாட்டி பிடில்'.

நண்பர்களுக்குச் சில வார்த்தை

உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால், பரணில் போடாதீர்கள். வெக்கையில் பசை விடும். நீங்களே வார்னிஷ் அடிக்காதீர்கள். தச்சரிடம் கொடுத்து வெள்ளைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். அடுத்தமுறை திறக்கும்போது மரமே பிய்ந்து வரும். வாசிக்காவிட்டால் தந்தியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள், முழுக்கக் கழற்றினால் உள்ளே நிற்கும் குச்சி விழுந்துவிடும். விலைக்குக் கேட்டு வருகிறவரிடம் சீட்டைக் காட்டிப் பெருமைப்படவும் வேண்டாம், 'ஜெர்மனி' என்றிருக்கிறதே என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளவும் வேண்டாம். நூறு வருஷம் உலர்ந்த மரம், நல்ல கையில் கொடுத்தால் இன்னும் பல காலம் பேசும்.

முக்கியமாக, வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அத்தை, பாட்டி, சித்தி யாராவது இருந்தால் இன்றைக்கே உட்கார்ந்து கேளுங்கள். யார் வாங்கியது, யாரிடம் கற்றது, யார் வாசித்தது, எப்போது நிறுத்தியது, ஏன் நிறுத்தியது என்று எழுதி, தேதி போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். வருஷத்தை ஆங்கிலக் கணக்கிலும் எழுதிவிடுங்கள், வெகுதான்ய என்று மட்டும் எழுதிவிட்டுப் பேரப்பிள்ளைகளைத் திண்டாட வைக்காதீர்கள்!

அடுத்த சந்திப்புக்கு வரும்போது பிடிலையும் தூக்கிக்கொண்டு வாருங்கள். சின்ன டார்ச் விளக்கு ஒன்று நான் கொண்டுவருகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து உள்ளே எட்டிப் பார்க்கலாம்.